முக்கால் பாட்டில் சென்ட்

ஜூலை 3, புதன்

இரண்டாம் வருஷம் பி.காம். படிக்கிற இந்துஜாவின் பெட்டியிலிருந்து ஒரு சென்ட் பாட்டில் பறிமுதல் செய்தேன். விடுதி விதி எண் பதினான்கு: வாசனைப் பொருள்கள் கூடாது. அந்த விதியை எழுதினதே நான்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்டடி ஹாலில் ஆறு பேர் ஆறு தினுசு சென்ட் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஏழாவது பெண் வாந்தி எடுத்தாள். அன்று சாயங்காலமே விதியை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதி எத்தனையோ இருக்கின்றன. மூக்கைப் பொத்தாமல் மாடிப்படி ஏறக்கூடியது இந்த விடுதி ஒன்றுதான்.

பாட்டில் ரோஸ் நிறம். மூடி பிளாஸ்டிக் பூ. பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு பாஷையில் இருக்கிறது. நுழைந்தால் மட்டும் என்ன வாழப்போகிறது.

"எங்கம்மா குவைத்துல இருந்து குடுத்துவிட்டது மிஸ். நான் அடிச்சதே இல்ல. சும்மா மோந்துதான் பாப்பேன்" என்றாள்.

"மோந்து பாத்தா கால் பாட்டில் கொறையுமாட்டி?"

"வரும்போதே முக்கால்தான் மிஸ். அம்மா வேல பாக்குற வீட்டு மேடம் போட்ட மிச்சம்."

ஆக, எவளோ ஒரு சீமாட்டி போட்டுச் சலித்த எச்சில் சென்ட். அதைத் துணிக்குள் சுற்றி, அதை இன்னொரு துணிக்குள் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒளித்து வைக்கவும் ஒரு தகுதி வேண்டாமா.

பறிமுதல் நோட்டில் ஏற்றினேன். 'சென்ட் பாட்டில், ஒன்று, முக்கால் அளவு.' லேபிளில் திரவம் நிற்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடும் போட்டேன். போன வருஷத்திலிருந்து இது என் வழக்கம். ஒரு தகப்பனார் வந்து, மகளின் முகக் கிரீம் பாதி காணோம், வார்டன் பூசிக்கொண்டாள் என்று ஆபீசில் சத்தம் போட்டார். என் முகத்தைப் பார்த்தால் கிரீம் பூசுகிற முகமாகவா இருக்கிறது? அவருக்குக் கண் டாக்டர் விலாசம் கொடுத்து அனுப்பினேன். பருவம் முடியும்போது பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு எதற்கு இந்தக் குப்பை.

ஜூலை 4, வியாழன்

குற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் குற்றத்தின் வாசனை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இன்று காலை, கடமைக்காக, இடது மணிக்கட்டில் ஒரே ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தேன். ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவை. என் பெயர் பொன்சீலி என்பதற்குப் பதில் வேறு எதுவாகவோ இருந்ததுபோல ஐந்து நிமிஷம் இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

மதிப்பீடு: முதலில் ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பஞ்சில் தடவுகிற வாசனை. அப்புறம் பழம். எந்தப் பழம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைக்காரன் நாளைக்குத் தூக்கிப் போடலாம் என்று வைத்திருக்கிற பழம். அதற்கப்புறம் ரோஜா, மல்லிகை, இன்னும் பெயர் தெரியாத நாலைந்து பூ, எல்லாவற்றையும் பாகில் முக்கி எடுத்த மாதிரி. பூ என்றால் கொஞ்சம் தழை வாடை, ஈர நார் வாடை வேண்டாமா? இது பிறந்ததிலிருந்து மண்ணையே பார்க்காத பூ. மத்தியானம் காய்கறிச் சீட்டு எழுதும்போது கையிலிருந்து கேக் வாசனை வந்தது. சாயங்கால ஜெபத்தில் கை கூப்பினால் கேக். படுத்தால் தலையணையில் கேக்.

இதைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவளுக்குச் சொரணையே இருக்காது. மட்டம்.

ஜூலை 6, சனி

இன்று சமையலில் கருவாடு. இந்த நாற்றத்தோடு மாடிக்குப் போனால் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். வார்டனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆகவே ஒரு அமுக்கு. இது அலங்காரம் இல்லை, தற்காப்பு.

சமையல் சொர்ணம் குழம்பைக் கிண்டிக்கொண்டே தலையைத் தூக்கி, "என்ன மிஸ், கருவாட்டுச் சட்டிக்குள்ள பூ வாசம் அடிக்கி?" என்றாள். பதினெட்டு வருஷமாக மிளகாய் வறுத்த மூக்கு. அதன் பேச்சை யார் கேட்பார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச்சில் முன்வரிசையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் டாக்டர் வீட்டம்மா உட்காருவாள். இருபது வருஷத்தில் ஒருநாள் என் பக்கம் திரும்பியதில்லை. இன்று பிரசங்கத்தின் நடுவில் திரும்பினாள்.

"சிஸ்டர், என்ன சென்ட் போட்டிருக்கீங்க? ரொம்ப நல்லாருக்கே."

"சோப்பு" என்றேன்.

பிரசங்கம் முடிகிற மட்டும் அவள் இரண்டு தடவை மூச்சை இழுத்தாள். இருபது வருஷம் பக்கத்தில் இருந்த மனுஷியைப் பார்க்கவில்லை, மனுஷி மேல் இருக்கிற கேக்கைப் பார்க்கிறாள். இப்படிப்பட்டவர்கள்தான் முன்வரிசையில் உட்காருகிறார்கள்.

எந்த சோப்பு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஜூலை 10, புதன்

சாரல். அரிசி வந்தது, கேஸ் வரவில்லை. இரண்டு அமுக்கு.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு நல்ல விஷயம். வார்டன் ஹாலுக்குள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி எண் மூன்று. இருபத்திரண்டு வருஷமாக நான் உள்ளே வந்து, தொண்டையைச் செருமி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகுதான் நாலு பேர் எழுந்திருப்பார்கள். இந்த வாரம் என்ன அதிசயமோ, நான் கதவுக்கு வருவதற்கு முன்னாலேயே முப்பத்தெட்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் போய்ப் பார்த்தேன். அப்போதும் நிற்கிறார்கள். புத்தகத்துக்குள் போன் இல்லை, ஒருத்தி மடியில் இன்னொருத்தி தலை இல்லை.

ஒழுங்கு என்பது ஒருநாளில் வருவதில்லை. விதைத்தது இப்போது முளைத்திருக்கிறது.

டெய்லரிடம் மாம்பழக் கலரில் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பழையது கிழிந்துவிட்டது.

ஜூலை 17, புதன்

சந்தேகமே இல்லை. அந்த வாசனை விடுதிக்குள் உலாவுகிறது. காலையில் மாடிப்படியில் இருந்தது. டி.வி. ரூமில் இருந்தது. பத்தாம் நம்பர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன், அங்கேயும். குளியலறை வராந்தா, துணி காயப்போடுகிற மொட்டை மாடி, எங்கே சோதனைக்குப் போனாலும் எனக்கு முன்னால் போய் நிற்கிறது. இந்துஜாவின் பாட்டில் என் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அப்படியானால் இன்னொரு பாட்டில் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் இரண்டாவதை எடுக்கிற கூட்டம். என் மூக்குக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள், கழுதைகள்.

ஜூலை 18, வியாழன்

விடுதிச் செயலாளர் ஆசீர் சார் வந்தார். ரிட்டயர்டு தாசில்தார், ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. என் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தவுடன் தும்ம ஆரம்பித்தார். ஒன்பது தும்மல். வாசல் வராந்தாவுக்குப் போனால் நின்றுவிடுகிறது, உள்ளே வந்தால் மறுபடியும். ஃபைல் தூசி என்றேன்.

"தூசி இல்ல வார்டன், சென்ட்டு. எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஆவாது. உங்க ஆஸ்டல்ல எவளோ போடுதா. விதி போட்டு வச்சிருக்கோம், என்ன பிரயோஜனம்?"

என்னுடைய விடுதியில், என்னுடைய விதியைப் பற்றி, என்னிடம். முகம் எரிந்தது. கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஒருத்திய வெளிய அனுப்புங்க. மத்தவ தன்னால அடங்குவா" என்று சொல்லி, பத்தாவது தும்மலோடு போனார்.

ஜூலை 20, சனி

இன்று விசாரணை.

முப்பத்தெட்டு பேரையும் ஹாலில் வரிசையாக நிற்க வைத்தேன். ஒவ்வொருத்தியாக முகவாயை இடது கையால் பிடித்துத் தூக்கி, கழுத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தேன். முதல் பெண்ணிடம் அதே சென்ட். சரி, முதலிலேயே மாட்டினாள் என்று பெயரைக் குறித்துக்கொண்டேன். இரண்டாவது பெண்ணிடமும் அதே சென்ட். மூன்றாவது, நாலாவது. பத்து வந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. டைபாய்டு வந்து தலைக்கு ஊற்றி இரண்டே நாள் ஆன பெண், அவள் முகவாயைத் தூக்கினாலும் ரோஜாவும் மல்லிகையும் பாகும். சாம்பிராணியைத் தவிர எதுவும் தொடாத விளாத்திகுளத்துப் பெண் ஒருத்தி உண்டு. அவளிடமும் கேக்.

முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு! நோட்டில் எல்லாப் பெயரும் ஏறிவிட்டது. சதி. கூட்டுச் சேர்ந்து ஒரே பாட்டிலைப் பூசியிருக்கிறார்கள், யாரைப் பிடிப்பது என்று நான் திணற வேண்டும் என்று. வரிசையின் கடைசியில் எவளோ சிரிப்பை அடக்கி அடக்கி, அது மூக்கு வழியாக வந்தது. நான் திரும்பினேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்துஜா மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

பெட்டி சோதனை. கிடைத்தவை: முறுக்கு, ஊறுகாய், நகப் பாலிஷ் நாலு, அதை அழிக்கிற திரவம் ஒன்று, யாரோ ஒரு பையனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ (காது பெரிது). சென்ட் இல்லை.

"பாட்டில் உங்ககிட்டதான மிஸ் இருக்கு?" என்றாள் இந்துஜா. குரலில் திமிர் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. நேற்று சிரித்தவளும் இன்று சிரிக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

பீரோவைத் திறந்து பாட்டிலைப் பார்த்தேன். திரவம் பேனாக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது. குவைத்துச் சரக்கு, ஆவியாகிவிட்டது. வெயில் ஊர் சென்ட்டுக்கு நம் ஊர்ச் சாரல் ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் ஊற்றலாமா என்று நான் நினைத்ததாக யாராவது சொன்னால் அது பொய். பாட்டில் கழுத்தைத் தகரத்தால் நெறித்து அடைத்திருக்கிறான், சமையலறை இடுக்கியாலும் திறக்க முடியாது. எப்படி அடைத்திருக்கிறான் என்று பரிசோதித்தேன், அவ்வளவுதான்.

நேற்றுப் பறிமுதல் செய்த நகப் பாலிஷ் அழிக்கிற திரவம் பேனா மையையும் அழிக்கிறது. உபயோகமான பொருள். கோட்டை இரண்டு விரற்கடை கீழே போட்டேன். நோட்டில் 'முக்கால்' என்பதை 'அரை' என்று திருத்தினேன். அன்று அவசரத்தில் தப்பாக எழுதியிருப்பேன். எனக்கும் வயசாகிறது.

ஜூலை 24, புதன்

ஆசீர் சார் பெயர் கேட்டார். வாசல் வராந்தாவில் நின்றபடியே கேட்டார்.

முப்பத்தெட்டு பெயர் எப்படிக் கொடுப்பது? சென்ட்டுக்காகப் பறிமுதல் நோட்டில் ஏற்கெனவே இருக்கிற பெயர் ஒன்றுதான். இந்துஜா என்றேன்.

"அந்தப் புள்ளயோட தாயார் எங்க இருக்கா?"

"குவைத்துல. லீவுல வர்றதா கேள்வி. ரெண்டாந் தேதி."

"நல்லதாப் போச்சு. அன்னைக்கே கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க."

இந்துஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்து முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"மிஸ், ஆஸ்டல் இல்லன்னா நான் கோவில்பட்டி மாமா வீட்டுக்குத்தான் போவணும். மாமா படிப்ப நிறுத்திருவாங்க. போன வருசமே மாப்ள பாத்து வச்சிருக்காங்க. அம்மா சண்ட போட்டுதான் இங்க சேத்தாங்க."

"அதெல்லாம் பெட்டிக்குள்ள பாட்டில வைக்கும்போது யோசிச்சிருக்கணும்."

"வச்சது தப்புதான் மிஸ். ஆனா அடிச்சது நான் இல்லல்லா?"

இல்லல்லா. என்னிடம் கேட்கிறாள், எனக்குத்தான் தெரியும் என்பதுபோல. "போடி, வேலயப் பாத்துக்கிட்டு" என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போனாள், அறையாமல், மெதுவாக. வளர்ப்பு சரியில்லாத பெண் என்றால் அறைந்துவிட்டல்லவா போவாள். இது அதைவிட மோசம்.

ஜூலை 27, சனி

புளி கரைத்துக்கொண்டிருந்த சொர்ணம், "மிஸ், அந்தப் புள்ளயப் போவச் சொல்லிட்டீங்களாமே. நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

அவள் மறுபடியும் புளியைக் கரைத்தாள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது, இன்று அவளைத் திட்டவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நாலு நாளாக ஒன்றும் போடவில்லை. இருந்தும் இன்று மாம்பழக் கலர் ரவிக்கையை எடுத்து மடிக்கும்போது அக்குளில் இருந்து வந்தது. ரொம்ப நேரம் மடித்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

பத்து மணிக்கு இந்துஜாவின் தாயார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குவைத்திலிருந்து திரும்புகிற பெண்களை எனக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன்; தங்க வளையல், கறுப்புக் கண்ணாடி, பத்தடிக்கு முன்னால் சென்ட். அப்படி ஒருத்தி வந்து உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்ப்பதற்கு நான் இடம் கொடுக்க முடியாது. ஆகவே மாம்பழக் கலர் ரவிக்கை, அதோடு இரண்டு அமுக்கு. மூன்று. பறிமுதல் நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன்.

வராந்தாத் திருப்பத்தில் இருக்கும்போதே உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஆசீர் சார் குரல்: "ஏம்மா எந்திரிச்சிட்டீங்க? யாரும் வரலையே, உக்காருங்க."

உள்ளே போனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பெயர் சண்முகக்கனி. நாற்பது வயது இருக்கலாம், ஐம்பது மாதிரி இருந்தாள். வெளுத்த நைலக்ஸ் சேலை. வளையல் பிளாஸ்டிக். விரல் நுனியெல்லாம் வெடித்து, ப்ளீச்சிங் பவுடர் தின்ற கை. என்னை அவள் ஏற இறங்கப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. பக்கத்தில் இந்துஜா பெட்டியோடு நின்றாள்.

"உட்காருங்க" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து, அசட்டுத்தனமாகச் சிரித்தாள். "மன்னிச்சிருங்க மிஸ். பழக்கம். எங்க மேடம் போடுத சென்ட்டு வாசம் வந்துச்சி. அந்த வாசம் வந்தா நாங்க அஞ்சு பேரும் எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு எந்திரிச்சு நிக்கணும். மேடம் உள்ள வாரதுக்குள்ள நிக்கலன்னா அன்னைக்குச் சாப்பாடு கெடையாது. பத்து வருசமாச்சா, காலு தன்னால நிக்கி."

ஆசீர் சார் தும்மினார். தும்மி முடித்து, மூக்கைத் துடைத்து, என்னைப் பார்த்தார்.

"அதே வாசம்தான் மிஸ்கிட்ட வருது" என்று சண்முகக்கனி விளக்கினாள், அவருக்கு உதவி செய்வதுபோல.

எனக்கு ஸ்டடி ஹால் ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டு பேர், கதவுக்கு வருவதற்கு முன்னாலேயே. இருபத்திரண்டு வருஷம் விதைத்தது முளைத்ததாம்.

"இத எதுக்கு மகளுக்குக் குடுத்துவிட்டீங்க?" என்று கேட்டேன்.

"புதுசு வாங்கினதும் மேடம் இதத் தூரப்போடச் சொன்னாவ. எனக்கு மனசு வரல. எம்புள்ள படிச்சு ஒரு ஆபீசுக்குப் போயி, இதப் போட்டுட்டு உள்ள வந்தா நாலு பேரு எந்திரிச்சு நிக்கணும்னு ஒரு நெனப்பு. கிறுக்குத்தனம்தான். இங்க போடக் கூடாதுன்னு தெரியாது மிஸ். அவளை வெளிய அனுப்பிராதீங்க. அவங்க மாமன் கையில மாட்டுனா முடிஞ்சிரும். வேணும்னா கால்ல விழுதேன்."

குனியத் தொடங்கினாள். ஆசீர் சார் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வார்டன், இந்த வாசனை..." என்று ஆரம்பித்தார்.

அப்போது இந்துஜா குறுக்கே பேசினாள். "மிஸ் கையில பாட்டில் இருக்குல்லா சார். தொறந்து பாத்திருப்பாங்க. அதான் அடிக்கி."

பாட்டில் என் கையில்தான் இருந்தது. மூடி போட்டு, இறுக்கி. அது அவளுக்கும் தெரியும். எனக்கு வழி திறந்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில், எனக்கு.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லியிருப்பேன். பொய்யாக எழுதி என்ன ஆகப்போகிறது, சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் கோவில்பட்டியிலிருந்து வந்த பத்தொன்பது வயதுச் சிறுக்கி ஒருத்தி என்மேல் இரக்கப்படுவதா? எவளும் என்மேல் இரக்கப்பட நான் விட்டதில்லை. என் கூடப் பிறந்தவளை விட்டதில்லை, இவள் யார்?

"அவ பொய் சொல்லுதா சார்" என்றேன். "பாட்டில் மூடித்தான் இருக்கு. போட்டுக்கிட்டது நான். ஒரு மாசமாப் போடுறேன். ஆஸ்டல் பூரா அடிச்சது என்மேல இருந்ததுதான். கோட்டையும் அழிச்சிட்டேன், நோட்டையும் திருத்திட்டேன்."

சண்முகக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆசீர் சார் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வார்டன், நீங்களா?" என்றார். அந்த 'நீங்களா'வில் கோபத்தைவிட ஆச்சரியம் ஜாஸ்தி இருந்தது. சென்ட் போட்டுக்கொள்ளக்கூட இவளுக்கு ஆசை வருமா என்கிற ஆச்சரியம். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

இந்துஜாவின் பெட்டி மாடிக்குத் திரும்பிப் போனது.

ஆகஸ்ட் 3, சனி

விதிமீறல் நோட்டில் எழுதினேன்: 'விதி 14. மீறியவர்: பொன்சீலி, வார்டன்.' கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலும் நானே போட வேண்டியிருந்தது.

ஜூலை 20 அன்று குறித்த முப்பத்தெட்டு பெயரையும் அடித்தேன். பறிமுதல் நோட்டில் 'அரை'யை அடித்து மறுபடி 'முக்கால்' என்று எழுதினேன். பாட்டிலை இந்துஜாவிடம் கொடுத்தேன்.

"கொறஞ்சு போச்சு" என்றேன்.

"பரவால்ல மிஸ்."

"பரவால்லன்னு நீ சொல்லாத. நான் சொல்லணும் அத."

"சரி மிஸ்."

ஆசீர் சாரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு பக்கத்தில் நாலு எழுத்துப் பிழை. திருத்தி ஃபைலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சென்ட் இல்லாமல் ஸ்டடி ஹாலுக்குள் போனேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே வந்ததே தெரியவில்லை. ஒருத்தி மடியில் இன்னொருத்தி தலை. விளாத்திகுளத்துப் பெண் நடுவில் நின்று, மூக்கை நீட்டி, ஒவ்வொருத்தியின் முகவாயையும் இடது கையால் தூக்கித் தூக்கி மோந்துகொண்டிருந்தாள். அப்படியே நான். குனிகிற தினுசுகூட. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

தொண்டையைச் செருமினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நாலு பேர் எழுந்தார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

விதி 14-க்கு ஒரு திருத்தம் எழுதி ஆசீர் சாருக்கு அனுப்பினேன். 'ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெற்றோர் வருகிற நாள்களிலும் ஒரு அமுக்குவரை அனுமதி.' இரக்கத்தால் இல்லை. நடைமுறைக்கு ஒவ்வாத விதியை வைத்துக்கொண்டு காவல் காப்பது முட்டாள்தனம் என்பதால். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கடிதத்தைத் தும்மாமல் வாசித்திருப்பார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சண்முகக்கனிக்கு லீவு முடிந்தது. மதுரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து விமானம். மகளை வழியனுப்பக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டு வந்திருந்தாள். ஆபீசில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொன்னால் நுனியில்தான் உட்காருவேன் என்கிற ஜாதி. சொர்ணம் காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கலாமா என்று சண்முகக்கனி என்னைப் பார்த்தாள். நான் என் காபியைக் குடித்துக்காட்ட வேண்டியதாயிற்று.

"மறுபடியும் அதே வீட்டுக்கா?" என்றேன்.

"ஆமா மிஸ். இன்னும் ரெண்டு வருசம். அவ படிப்பு முடியட்டும்."

அதற்கு மேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. நான் லீவுச் சீட்டை எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியிலிருந்து வந்தது. முதலில் நர்ஸ் பஞ்சு, பின்னாலேயே அந்த அழுகப்போகிற பழம், ரோஜா, பாகு. நன்றாக ஒரு அமுக்குக்கு மேலேயே போட்டிருக்கிறாள், திருட்டுக் கழுதை.

நாற்காலி நகர்ந்தது. சண்முகக்கனி எழுந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றுவிட்டாள். காபி சேலையில் சிந்தியிருந்தது. வாசலில் இந்துஜா வந்து நின்றாள். சுங்கடிப் பாவாடை, தலையில் ஈரம் போகவில்லை.

சண்முகக்கனி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். வாசலில் யார் என்று பார்த்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

"ஏட்டி, நீயா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முகம்தான் அவளுக்கு.

"நீங்க ஏன் மிஸ் எந்திரிச்சீங்க?" என்று கேட்டாள் இந்துஜா.

அப்போதுதான் பார்த்தேன். பேனா கையில் இருக்கிறது, சீட்டு மேஜையில் இருக்கிறது, நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

கால் மரத்துப்போச்சு என்று சொன்னேன். அவர்கள் கேட்டைத் தாண்டிப் போகிறவரைக்கும் நான் உட்காரவில்லை.